சித்திக்கு டெல்டா வேண்டாம்

போன மாதம் வளைகுடாவிலிருந்து சித்தி போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்ததும், "டேய், நான் டெல்டா பண்ணலாம்னு இருக்கேன். நீ என்ன நினைக்கிற?" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆயா முந்திக்கொண்டார். "தஞ்சாவூர் பக்கம் போயி இந்த வயசுல இன்னாடி பண்ணப் போற?"

எல்லோரும் சிரித்தோம். டெல்டா என்றால் எங்கள் வீட்டில் காவிரிப் பாசனம்தான். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தால், ஆயா கேட்டதுதான் சரியான கேள்வி என்று தோன்றியது. இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு அந்தப் படிப்பை வைத்து என்ன பண்ணப் போகிறார்? அதற்கு நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தியைப் பற்றி நாலு வரி சொன்னால்தான் விஷயம் புரியும். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறு வருடம். அதன் பிறகு வளைகுடாவில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம். மொத்தம் 17 வருடம். இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். "ஆங்கிலம் கற்பிப்பதற்கென்று தனித் தகுதி ஏதாவது இருந்தால் நல்லது" என்று நிர்வாகத்தில் காதில் போட்டிருக்கிறார்கள். அதே துறையில் மூன்று வருடம் முன்பு சேர்ந்த, இங்கிலாந்து பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஓர் இளைஞர் இருக்கிறார். அவரிடம் இருப்பது ஒரு மாதப் பயிற்சிச் சான்றிதழ். சம்பளம் சித்தியைவிட அதிகம். அவருக்கு வினாத்தாள் எப்படித் தயாரிப்பது என்று சொல்லிக்கொடுத்ததே சித்திதான்.

"பணத்துக்கு என்ன பண்ணுவீங்க சித்தி?" என்று கேட்டேன். "நகை இருக்குல்ல" என்றார்.

என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

இனி, தெரியாதவர்களுக்காக. தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க உலகம் முழுக்க இரண்டு சான்றிதழ்கள் அதிகம் பேசப்படுகின்றன. இரண்டும் கேம்பிரிட்ஜ் வழங்குபவை. ஒன்று செல்டா. சுமார் 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வகுப்பையும் பார்த்துக் குறை நிறை சொல்வார். இன்னொன்று டெல்டா. அனுபவசாலிகளுக்கானது. மூன்று பகுதிகள்: முதலாவது எழுத்துத் தேர்வு, இரண்டாவது வகுப்பறைச் செயல்பாடு, மூன்றாவது நாலாயிரம் சொற்களைத் தாண்டும் ஓர் ஆய்வுக் கட்டுரை. பிரிட்டனின் தகுதி அடுக்கில் செல்டா 5-ம் நிலை, டெல்டா 7-ம் நிலை. முதுகலைப் பட்டமும் அதே 7-ம் நிலைதான். டிரினிட்டி கல்லூரியும் இதே போன்ற இரண்டு படிப்புகளை நடத்துகிறது.

செல்டாவின் வேர் எங்கே என்று பாருங்கள். ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் 1962-ல் லண்டனில் தன் இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளிக்காக ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கினார். ஆங்கிலம் பேசத் தெரியும், ஆனால் வாழ்க்கையில் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை என்பவர்களைச் சில வாரங்களில் வகுப்பறைக்குத் தயார் செய்வதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம், நன்றாகவே நிறைவேறியது. ஆனால் அறுபது வருடத்தில் அது தலைகீழாகிவிட்டது. கற்றுக்குட்டிகளுக்காகச் செய்த அளவுகோலை எடுத்து வந்து 17 வருடம் பாடம் நடத்தியவரின் உயரத்தை அளக்கிறார்கள். "உங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். அந்த இளைஞரிடம் இருக்கும் ஆதாரம் 6 மணி நேரம். சித்தியிடம் இருப்பது பல ஆயிரம் மணி நேரம். ஆனால் அதற்குக் காகிதம் இல்லை.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 6 மணி நேரத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சித்தியின் ஆயிரக்கணக்கான மணி நேரத்தை யாரும் பார்த்ததில்லை! நம் பி.எட். எப்படி நடக்கிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும். என்.சி.டி.இ.-யின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு வருடம் ஆனது, பள்ளியில் குறைந்தது 20 வாரப் பயிற்சி கட்டாயம் ஆனது. காகிதத்தில் பார்த்தால் செல்டாவெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. நடைமுறையில் என்ன? ரெக்கார்டு நோட்டு எழுது, சார்ட் ஒட்டு, லெசன் பிளானில் கையெழுத்து வாங்கு. பள்ளிக்குப் போனால் லீவில் இருக்கும் டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "நீங்க அந்தக் கேள்வியைக் கேட்டுட்டு ரெண்டு செகண்ட்கூடப் பொறுக்காம நீங்களே பதில் சொல்லிட்டீங்களே, ஏன்?" என்று கேட்பவர் எத்தனை பேருக்குக் கிடைத்தார்? சித்திக்குக் கிடைக்கவில்லை.

எனவே டெல்டா மட்டமான படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது கடினமான, நல்ல படிப்பு. என் சண்டை அதை ஏன் படிக்கிறோம், யாருக்காகப் படிக்கிறோம் என்பதோடு.

சித்திக்கு வந்த ஆலோசனைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. "டெல்டா முடிச்சா எல்லாக் கதவும் திறக்கும்." திறக்குமா? ஒரு கதவை மட்டும் தட்டிப் பார்ப்போம், நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால்.

செம்பரம்பாக்கத்தில் பெங்களூர் ஹைவேயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் அங்கே 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. கூடவே கொரியக் குடும்பங்களும் சென்னைக்கு வந்தன. சித்தி வெளிநாடு போவதற்கு முன்பு ஒரு கொரிய இன்ஜினியரின் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது அந்த அம்மா அழுதுவிட்டாராம். சரி, இதே சித்தி கொரியாவுக்குப் போய் அதே பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்த முடியுமா? அந்த நாட்டில் மொழி ஆசிரியர்களுக்கான விசா இ-2. ஆங்கிலத்துக்கு அது ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்கு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. என்ன பதவிக்கு? துணை ஆங்கில ஆசிரியர்!

அந்த ஏழில் தென்னாப்பிரிக்காவும் இருப்பதைக் கவனியுங்கள். அந்த நாட்டில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்கள்தான் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தோடு பல மொழிகளைச் சேர்த்துப் பேசி வளர்ந்தவர்கள் நல்ல ஆசிரியர்களாக இருப்பார்கள் என்பதற்கு அவர்களே சாட்சி. அப்படியானால் அதே நியாயம் நமக்கு ஏன் இல்லை? பட்டியல் மொழியைப் பார்த்துப் போட்டதல்ல, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்டது. பாஸ்போர்ட்டால் பூட்டிய கதவை டெல்டா எப்படித் திறக்கும்? நகையை அடகு வைத்தாலும் திறக்காது.

இது அநியாயம் என்பது அவர்களுக்கும் தெரியும். 1992-ல் ராபர்ட் பிலிப்சன், "ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் சிறந்த ஆங்கில ஆசிரியர்" என்பது ஒரு மூடநம்பிக்கை என்று தன் புத்தகத்தில் வாதாடினார். 2006-ல் டெசால் என்ற சர்வதேச ஆங்கில ஆசிரியர் அமைப்பே, தாய்மொழியை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதிகாரபூர்வமாக அறிக்கை விட்டது. அறிக்கை அறிக்கையாக இருக்கிறது. சித்தியின் சம்பளப் பட்டியல் சம்பளப் பட்டியலாக இருக்கிறது.

அடுத்து, எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற விஷயம். டெல்டா படிப்பவர்கள் கற்பித்தல் முறைகளைப் பற்றிப் படிக்கும்போது, பணிவழிக் கற்பித்தல் என்ற முறையைத் தாண்டிப் போக முடியாது. இலக்கணத்தை வரிசையாகச் சொல்லிக்கொடுக்காமல், மாணவர்களுக்கு ஒரு வேலையைக் கொடு. ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடட்டும், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லட்டும். வேலையில் மூழ்கும்போது மொழி தானாக உள்ளே போகும். இதுதான் சாரம். இந்த முறையின் முன்னோடிச் சோதனை எங்கே நடந்தது தெரியுமா? ஆக்ஸ்போர்டிலும் இல்லை, கேம்பிரிட்ஜிலும் இல்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் நம் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் நடந்தது. நடத்தியவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். 1987-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தை உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் படிக்கிறார்கள்.

இதற்கு முன்கதையும் உண்டு. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலப் பயிற்சி இயக்கம் ஒன்று நடந்தது. சுமார் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அப்போதைய புதிய முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வேறு சிலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெரிதாகும் என்பதால் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று அதற்குப் பெயர். நம்ம ஊர் வெயிலில் பனிப்பந்தை உருட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு கை மாறும்போதும் உள்ளே இருக்கும் சரக்கு குறைந்துகொண்டே வருவது இப்படிப்பட்ட பயிற்சிகளின் இயல்பு. அந்த இயக்கம் பரப்பிய வாக்கிய அமைப்பு முறையில் ஏற்பட்ட அதிருப்தியிலிருந்துதான் இருபது வருடம் கழித்துப் பிரபுவின் சோதனை பிறந்தது. மேலிருந்து பொட்டலமாக வந்தது கரைந்தது. நம் வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்து உருவானது உலகத்துக்கே போனது.

பிரபுவுக்கும் பிரிட்டிஷ் கவுன்சில் ஆதரவு இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, மறுக்கவில்லை. வெள்ளைக்காரர் தொட்டதெல்லாம் தீட்டு என்று நான் ஜல்லியடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிரபுவே 1990-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எல்லா இடத்துக்கும் பொருந்தும் மிகச் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்றார். ஆசிரியருக்குத் தன் வகுப்பைப் பற்றி அனுபவத்தில் விளையும் ஒரு தெளிவு இருக்கிறதே, அதுதான் முக்கியம் என்றார். 1994-ல் குமாரவடிவேலு என்ற இன்னொரு தமிழ்ப் பெயர்க்காரர், முறைகளின் காலமே முடிந்துவிட்டது என்று அமெரிக்காவிலிருந்து எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, இறக்குமதி செய்த பாடநூலை அங்குள்ள மாணவர்கள் எப்படித் தங்களுக்கு ஏற்ப வளைத்தார்கள் என்பதை 1999-ல் புத்தகமாகவே போட்டார். இந்த மூன்று பேரும் இல்லாமல் இன்று டெசால் எம்.ஏ. பாடத்திட்டம் இல்லை. இவர்களைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொள்ள செம்பரம்பாக்கத்துக்காரி நகையை அடகு வைத்து பவுண்டில் பணம் கட்ட வேண்டுமா?

கோபம் இருக்கட்டும், சித்தி என்னதான் செய்வது? ஒரு முடிவு சொல்லாமல் திட்டிக்கொண்டே இருப்பது எளிது. அதனால் மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்று, இந்தத் தகுதியைக் கேட்பது யார், எழுத்தில் கேட்டிருக்கிறார்களா? இரண்டு, இதைப் படிக்கும்போது யாராவது வந்து என் வகுப்பைப் பார்ப்பார்களா? மூன்று, நாளை ஊருக்குத் திரும்பினால் இது செல்லுமா?

முதலில், வாட்ஸ்அப்பில் வரும் '120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ், இன்றே கடைசி நாள்' வகையறா. ஆயிரம் ரெண்டாயிரத்துக்குக் கிடைக்கும். யாரும் வகுப்பைப் பார்க்க மாட்டார்கள். செல்டாவும் 120 மணி நேரம் என்பதால் அந்த எண்ணை மட்டும் திருடிக்கொண்டார்கள். மூன்று கேள்விக்கும் பூஜ்யம்.

இரண்டாவது, பிரிட்டன் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் டெசால் எம்.ஏ. பெயர் பெரியது, செலவும் பெரியது. ஆனால் வளைகுடா நாடுகள் பலவற்றில் தொலைநிலைப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்குவது பெரும்பாடு. பட்டத்தை வாங்கிவிட்டு அதைச் சான்றொப்பம், தூதரகம் என்று தூக்கிக்கொண்டு அலைந்தவர்களைக் கேளுங்கள். சித்தியிடம் ஏற்கெனவே நேரடியாகப் படித்த எம்.ஏ. இருக்கிறது. இன்னொரு எம்.ஏ.வால் பெயருக்குப் பின்னால் எழுத்து கூடுமே தவிர, பதவி கூடும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, டெல்டா. இரண்டாவது கேள்விக்கு மட்டும் பெரிய 'ஆம்'. அதன் இரண்டாம் பகுதியில் வகுப்பைப் பார்க்கிறார்கள், அதுவும் கறாராகப் பார்க்கிறார்கள். முதல் கேள்விக்கு? "இருந்தால் நல்லது" என்று வாயால் சொன்னார்கள். அவ்வளவுதான். மூன்றாவது கேள்விக்கு? இங்கேதான் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். சித்தி நாளைக்கே ஊருக்கு வந்தால் டெல்டாவை வைத்து என்ன செய்யலாம்? கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதத்தோடு நெட் அல்லது செட் வேண்டும், இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.ஏ., பி.எட். வைத்துக்கொண்டு டி.ஆர்.பி. தேர்வு எழுத வேண்டும். இந்தப் பட்டியலில் எங்கேயும் டெல்டா என்ற சொல் இல்லை. உலகத்தில் 7-ம் நிலை, ஊரில் நிலையே இல்லை.

வளைகுடா வேலை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் விலை இறங்கினால், உள்நாட்டவருக்கே வேலை என்று சட்டம் வந்தால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அங்கே குடியுரிமை கிடையாது. ஆகவே எந்தத் தகுதியைத் தேர்ந்தெடுத்தாலும் அது திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் திரும்பினால் சொந்த நாட்டில் செல்லுபடியாகும் காகிதம் கையில் இருப்பவர்கள். டெல்டா முடித்த பிரிட்டன்காரர் ஊருக்குப் போனால் சில பல்கலைக்கழகங்களில் எம்.ஏ.வின் ஒரு பகுதியையே தள்ளுபடி செய்வார்கள். அவருக்குச் சரியான ஆலோசனை நமக்கும் சரியாக இருக்கும் என்று எப்படி நம்பினோம்?

என் முடிவு இது. சித்தி முதலில் நெட் எழுத வேண்டும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அதில் வயது வரம்பு கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, கோடை விடுமுறைக்கு வரும்போது எழுதலாம். 2024 ஜூனில் தேர்வு நடந்த மறுநாளே ரத்து செய்த கூத்தும் நடந்தது, அதையும் மறக்கவில்லை. இருந்தாலும் கட்டணம் டெல்டாவின் ஓரத்துக்குக்கூட வராது. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் மொழி கற்பித்தலும் இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறும் தனி அலகுகளாகவே இருக்கின்றன. சித்திக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். கற்பித்தல் பற்றி முறையாகப் படிக்க வேண்டுமென்றால் ஹைதராபாத் இஃப்ளு இருக்கிறது. 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. ஆங்கில ஆசிரியர்களுக்கென்றே முதுகலைச் சான்றிதழும் பட்டயமும் பல காலமாக நடத்தி வந்த இடம்.

நிர்வாகம் டெல்டாதான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டால்? அப்போதும் முழுசாக வாங்க வேண்டியதில்லை. மூன்று பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. செல்டா முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சித்திக்கு உண்மையில் இல்லாதது கடைசி பெஞ்சில் உட்காரும் அந்த ஒரு ஜோடிக் கண்கள்தான். அதற்கு இரண்டாம் பகுதி போதும். பணத்தை நிர்வாகம் கட்டட்டும். கேட்பவர் கட்டுவதுதானே முறை?

இப்போது என்னைத் திட்டப் போகிறவர்களுக்கு. "நீ காலேஜ் பையன், வகுப்பறையில் ஒரு நாள் நின்றிருக்கிறாயா?" நின்றதில்லை. ஆனால் பதினைந்து வருடமாக எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காகிதம் நிறைய வைத்திருந்தும் வகுப்பைத் தூங்க வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு எனக்கு இங்கிலீஷ் பயத்தைப் போக்கியவரையும் பார்த்திருக்கிறேன். "நெட் மட்டும் என்ன யோக்கியம்? கொள்குறித் தேர்வுதானே, ஒரு வகுப்பையாவது பார்க்கிறதா?" என்று கேட்டால், நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100 என்று கேள்விகளுக்குக் கட்டம் நிரப்புகிறவருக்குப் பாடம் நடத்த வரும் என்று எப்படிச் சொல்வது?

என் கோபத்தில் பாதி நம் பல்கலைக்கழகங்கள் மேல்தான். தெருவுக்குத் தெரு ஆங்கிலம் கற்றுத்தருகிற ஊர் இது. எம்.ஏ. ஆங்கிலத்தில் வருடா வருடம் ஆயிரக்கணக்கானவர்களை வெளியே அனுப்புகிறோம். சாசர் முதல் ஷா வரை எல்லாம் படித்தவர்கள், நாற்பது பேர் உள்ள வகுப்பில் முதல் நாள் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் வந்து சேர்ந்து, பத்து வகுப்பு நடத்தி, அதை மூத்தவர் ஒருவர் பார்த்து, குறை சொல்லி, திருத்தி, ஒரு சான்று தருகிற படிப்பைத் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால் நடத்த முடியாதா? கட்டடம் இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளிகள் இருக்கின்றன, பிரபு சோதனை நடத்திய ஊர் என்ற பெருமையும் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சான்றை டி.ஆர்.பி.யும் கல்லூரிகளும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் வளைகுடா நிர்வாகத்திடம் சித்தி தலை நிமிர்ந்து நீட்டுவார். இல்லாததால்தான் ஒவ்வொரு தலைமுறையும் கேம்பிரிட்ஜ் வாசலில் வரிசையில் நிற்கிறது.

இதையெல்லாம் சித்திக்கு ஒரு நீண்ட மெயிலாக அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. கோபமோ என்று பயந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் போன்.

"படிச்சேன்டா. ரொம்பப் பேசற. ஆனா ஒண்ணு, அந்த ரெண்டாவது பகுதியைப் பத்தி எழுதியிருந்தியே, அது உண்மை. பதினேழு வருஷத்துல ஒருத்தர்கூட என் கிளாஸை முழுசா உட்கார்ந்து பார்த்ததில்லடா. அதான் எனக்கு ஆசையே. சம்பளமெல்லாம் அப்புறம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் பணக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன், அவருக்கு வேறு ஏக்கம் இருந்திருக்கிறது. "அதுக்கு நகையை வைக்கணுமா சித்தி?" என்று மட்டும் கேட்டேன். "வைக்கல. எழுத்துல கேளுங்க, பணமும் நீங்களே கட்டுங்கன்னு மெயில் போட்டிருக்கேன். நெட் புக் ஒண்ணு வாங்கி வை, ஜூன்ல வரேன்" என்றார்.

ஆயா பக்கத்திலிருந்து கேட்டார்: "தஞ்சாவூர் போறாளா இல்லியா?"

பி.கு.: வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களே, யாராவது உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடைசியாகப் பார்த்தது எப்போது? இதே கேள்வியை உங்கள் நிர்வாகத்திடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.